பத்தாம் வகுப்பு முதல் கல்லூரிச் சேர்க்கை வரை: செட்டிநாட்டுப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பணியில் இருப்பவன் என்ற முறையில், ஆண்டுதோறும் மே மாதத்தில் என்னிடம் வந்து சேரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பாதிக்கு மேல் முந்தைய ஆண்டிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

கல்லூரிக்கான திட்டமிடலை எப்போது தொடங்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு தொடங்குவதே இங்கு வழக்கமாக இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்து, பதினொன்றில் எந்தக் குரூப் என்று முடிவு செய்யும் அந்த ஒரு வாரத்திலேயே பாதி வாசல்கள் திறக்கின்றன, பாதி அடைபடுகின்றன. எனவே ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் வீட்டில் பேச்சைத் தொடங்குங்கள். பதினொன்றாம் வகுப்பு ஆண்டைச் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதியை நுழைவுத் தேர்வு விண்ணப்பங்களுக்கும் கல்லூரிகளை நேரில் பார்த்து வருவதற்கும் ஒதுக்கிக்கொண்டால், மே மாதத்தில் ஓட வேண்டியிருக்காது.

பதினொன்றில் எந்தக் குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம்?

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் உள்ள பயோ மேத்ஸ் பிரிவில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகிய மூன்றுக்கும் வழி உண்டு; அதற்கேற்பப் பாடச்சுமையும் மிகுதி. உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுப்பவர் பொறியியலுக்குப் போகலாம், ஆனால் மருத்துவத்துக்கு நேரடி வழி இல்லை. கணிதமில்லாத அறிவியல் பிரிவில் மருத்துவம், நர்சிங், பார்மசி, கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவை இருக்கின்றன. பொறியியல் பெரும்பாலும் இல்லை. சட்டப் படிப்பையும் கலைப் படிப்புகளையும் பொறுத்தவரை எந்தக் குரூப்பும் தடையில்லை.

எல்லா வாசலும் திறந்திருக்கட்டும் என்று கணக்கில் தடுமாறும் பிள்ளையைப் பயோ மேத்ஸில் சேர்த்துவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. நான்கு பாடத்திலும் அறுபது மதிப்பெண்ணோடு வெளிவரும் பிள்ளைக்கு வாசல் திறந்திருந்தாலும் உள்ளே போக முடிவதில்லை.

வணிகவியல் குரூப் எடுப்பது குறைவானதா?

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன ஊரில் இந்தக் கேள்வி வருவதே எனக்கு வியப்பு. பேரேடும் (கணக்குப் பதிவேடு) ஐந்தொகையும் (சொத்தும் கடனும் காட்டும் இருப்புக் கணக்கு) வீட்டுச் சொற்களாக இருந்த இடம் இது. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகித் தொழில் கற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று வணிகவியல் என்றதும் முகம் சுளிக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.வின் முதல் நிலைத் தேர்வை எழுதலாம். நான்கு தாள்கள் கொண்ட அத்தேர்வு, 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. இரண்டாம் நிலைக்குப் பிறகு தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சி பெற வேண்டும். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த அப்பயிற்சி, 2023இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. மொத்தச் செலவு, தனியார் பொறியியல் கல்லூரியின் ஓராண்டுச் செலவை விடப் பெரும்பாலும் மிகுதியாக இருக்காது. தேர்ச்சி பெறுவது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதனால்தான், இதை எழுதும் பிள்ளைகள் பி.காம். பட்டத்தையும் சேர்த்துப் படிக்கட்டும் என்று சொல்கிறேன்.

பொறியியலுக்குரிய கட் ஆஃப் மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

தரவரிசையைத் தீர்மானிக்கும் இந்த மதிப்பெண் மொத்தம் 200. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும்; இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஐம்பது ஐம்பதாகச் சேரும். கணிதத்தில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 90 பெற்ற மாணவிக்கு 88, 41, 45 என்று கூட்டி 174 வரும். தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இதில் சேர்வதில்லை. 600க்கு இவ்வளவு என்று ஊரெல்லாம் சொல்லி மகிழும் மொத்த மதிப்பெண்ணுக்கும் பொறியியல் தரவரிசைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைப் பெற்றோர் பலர் ஜூன் மாதத்தில்தான் அறிகிறார்கள். மாநில அரசு நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை.

எந்தெந்தச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்?

நிரந்தரச் சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்படுவோருக்கு இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவை. இவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் வரை போய் வர வேண்டியிருப்பதால், மே மாத நெரிசலில் சிக்காமல் பதினொன்றாம் வகுப்பு முடிவிலேயே போட்டுவிடுவது நல்லது. வருமானச் சான்றுக்கு மட்டும் ஓராண்டு ஆயுள் என்பதால் அதைச் சேர்க்கை ஆண்டில் வாங்குங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே பெயருக்கு முன் இரண்டு, மூன்று தலைப்பெழுத்துகள் போடும் குடும்பங்கள் மிகுதி. பள்ளியில் சேர்க்கும்போது தந்தை பெயருக்கு மட்டும் ஓரெழுத்து, ஆதாரில் ஐயாவுக்கும் (தாத்தா) சேர்த்து மூன்றெழுத்து, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லாமல் பெயர் மட்டும் என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மாணவனின் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தபோது, பத்தாம் வகுப்புச் சான்றில் 'மெய்யப்பன்' என்றும் சாதிச் சான்றில் ஒற்றை 'ப'வோடு 'மெய்யபன்' என்றும் இருந்தது. அந்த ஒரு புள்ளியெழுத்தைச் சேர்க்க அவன் தந்தை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார். சுவீகாரம் (தத்து) போன பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்தே மாறிவிடும் என்பதால் பதிவு செய்த சுவீகாரப் பத்திரத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் உள்ள பெயரையே மூலமாகக் கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொள்வது எளிது. அந்தச் சான்றைத் திருத்தப் போவது நெடுவழி.

தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார். பிள்ளை சில ஆண்டுகள் வெளியில் படித்தது. என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் (தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் முறை) இருப்பிடச் சான்று கேட்பதில்லை. இடையில் ஓராண்டு வெளியில் படித்திருந்தாலும் அச்சான்று வேண்டும். தந்தை விடுப்பில் ஊருக்கு வரும் மாதத்தைக் கணக்கிட்டு, அவர் கையெழுத்து வேண்டிய உறுதிமொழிகளையும் வங்கி வேலைகளையும் அப்போதே முடித்து வையுங்கள்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை யாருக்குக் கிடைக்கும்?

பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகிய எவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. வருமான வரம்பு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் (கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடங்கள்) சேர்ந்தால் கிடைக்காது. கல்லூரியில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு எங்கள் பள்ளிக்குப் பொருந்துமா?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் பொருந்தும். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் இந்த ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. இதில் பொறியியல் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

செட்டிநாட்டில் கவனிக்க வேண்டியது வேறொன்று. நம் ஊர்களின் பழைய பள்ளிகள் பல, வணிகச் சமூகமான நகரத்தார் குடும்பங்கள் கட்டி வளர்த்த அரசு உதவிபெறும் பள்ளிகள். அங்கே கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம், ஆசிரியருக்கு அரசு ஊதியம் என்பதால் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். 7.5 விழுக்காடு உதவிபெறும் பள்ளிகளுக்குப் பொருந்தாது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இது தெரிந்திருந்தால் சிலர் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். அதே நேரத்தில், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2024–25இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இவற்றுக்குச் சேர்ந்த கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

உள்ளூரிலேயே படிக்க முடியுமா, வெளியூர்தான் போக வேண்டுமா?

சென்னைக்குப் பல்லவன் ரயிலில் ஏறினால்தான் படிப்பு என்ற எண்ணத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1947இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டத்தில், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ.இலட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டபோது, அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தவர் அழகப்பச் செட்டியார். அவ்வாண்டே கலைக் கல்லூரி தொடங்கியது; 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே கொண்டுவந்தன. 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் உருவானது.

இன்று அழகப்பா அரசு கலைக் கல்லூரி, அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, அழகப்பா அரசு பாலிடெக்னிக் ஆகியவை காரைக்குடியிலேயே உள்ளன. 2022இல் அரசு சட்டக் கல்லூரியும், அதே ஆண்டில் செட்டிநாட்டில் வேளாண் கல்லூரியும் தொடங்கின. மின்வேதியியல் ஆய்வகத்திலேயே வேதி, மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு இருப்பது, அதன் வாசலைத் தினமும் கடந்து போகும் பலருக்கே தெரியாது. தேவகோட்டையில் சேவுகன் அண்ணாமலை கல்லூரி, பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி, திருப்பத்தூரில் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, சிவகங்கையில் 2012இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி என்று ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள்ளேயே பெரும்பாலான துறைகள் அடங்கிவிடுகின்றன.

அரசுக் கல்லூரியில் விரும்பிய பிரிவு உள்ளூரில் கிடைத்தால், விடுதிச் செலவு இல்லாத அந்த இடத்தை விட்டுவிட்டுக் கோவையிலோ சென்னையிலோ பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்குப் போவதில் பொருளில்லை என்பது என் கருத்து. வெளியூர் போக வேண்டியது, இங்கே இல்லாத படிப்புக்காகவோ தெளிவாக மேலான கல்லூரிக்காகவோ இருக்கட்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி நிரப்புவது?

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. மதிப்பெண் அடிப்படையில் சுற்றுகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளவர்கள் கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த விருப்பங்களை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். கணினி, தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு தவறுகள் தாமாக நீங்கும். கிடைக்காது என்று பயந்து விரும்பிய கல்லூரியைக் கீழே போடுவது முதல் தவறு. மேலே போட்டதால் எந்த இழப்பும் இல்லை, கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு விருப்பங்களோடு நிறுத்திவிடுவது இரண்டாவது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் மகள், 174 கட் ஆஃப் வைத்திருந்தவள், பட்டியல் போட என்னிடம் வந்தபோது பழைய நீளக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் தன் சாதி ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவரின் கட் ஆஃப் என்ன என்பதை, கலந்தாய்வு இணையதளத்திலிருந்து பென்சிலால் மூன்று பத்திகளாக எழுதியிருந்தாள். நான்காவது பத்தியில் வீட்டிலிருந்து பேருந்துக் கட்டணம், ஐந்தாவதில் விடுதிக் கட்டணம். அவளுடைய தந்தை பேசவே இல்லை. மேசையில் கை வைத்தால் நோட்டில் சிமெண்ட் படிந்துவிடும் என்று கைகளை மடியிலேயே வைத்திருந்தார். எண்பதுக்கு மேற்பட்ட விருப்பங்களில் நான் மாற்றியது இரண்டு வரிகள்தாம்.

ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்றுச் சேர்கிறேன் என்றோ, இதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளது கிடைத்தால் மாறுகிறேன் என்றோ, குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாளும் குலதெய்வம் கோவிலுக்குப் போகாதீர்கள். முன்போ பின்போ போகலாம்.

வீட்டுக்கே வந்து இடம் உறுதி என்று சொல்லும் முகவர்களை நம்பலாமா?

வேண்டாம். சிறுபான்மையல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சியவையே நிர்வாக ஒதுக்கீடு. தேர்வு முடிவு வருவதற்கு முன்பே முகப்பில் வந்து உட்கார்ந்து முன்பணம் கேட்பவர் விற்பது பெரும்பாலும் கலந்தாய்வில் எளிதாகக் கிடைக்கக்கூடிய இடத்தைத்தான். கட்டணத்துக்கு இரசீது தராதவரிடமும், மூலச் சான்றிதழைக் கேட்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா? எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்?

வாங்கலாம், ஆனால் ஐந்தொகை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 4 இலட்சம் வரை குடும்பத்தின் பங்குத்தொகையும் அடமானமும் வங்கிகள் கேட்பதில்லை, 7.5 இலட்சம் வரை கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ்ச் சொத்துப் பிணை தேவையில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதை, அதுவரை வட்டி இல்லை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியில்லை.

ஆண்டுக்கு ஒரு இலட்சமாக நான்கு ஆண்டுகள் வாங்குவதாகவும், 10 விழுக்காடு தனிவட்டி என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் இலட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000 என்று வட்டி மட்டும் 1,40,000 ஆகியிருக்கும். முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000. ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு இக்காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. தகுதியுள்ள படிப்பா என்று வங்கியில் கேட்டு, வருமானச் சான்றை உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர், பழைய வரி முறையில் இருந்தால், செலுத்தும் வட்டியை வருமானத்திலிருந்து எட்டு ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம். வட்டியை மாதந்தோறும் கட்டிவர முடிந்த குடும்பம் கட்டிவிடுவதே சிக்கனம்.

நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடப்பதால், அதற்கான விண்ணப்பம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்துவிடும். 180 வினாக்கள், 720 மதிப்பெண் கொண்ட மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு பெரும்பாலும் மே முதல் வாரத்தில் நடக்கிறது; தமிழிலும் எழுதலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இதைப் பற்றி நம் பள்ளிகளில் அதிகம் பேசுவதில்லை.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனால் பி.இ. படிக்க முடியாதா?

முடியும். மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மாநிலம் முழுமைக்குமான அந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்ததே நம் காரைக்குடி அரசு பொறியியல் கல்லூரிதான்.

பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப அப்பத்தா ஒப்பவில்லை. என்ன சொல்லலாம்?

ஒன்றும் சொல்ல வேண்டாம்; அவரையும் அழைத்துக்கொண்டு கல்லூரியையும் விடுதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சமையற்கூடம், குளியலறைத் தாழ்ப்பாள், இரவில் வாசலில் இருக்கும் காவலர் ஆகிய மூன்றையும் நம்மை விட அவர் நன்றாகப் பார்ப்பார். விடுதிகளைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்புகள் ஆயாக்களும் (தாய்வழிப் பாட்டிகள்) அப்பத்தாக்களும் சொன்னவையே.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் அந்த ஆண்டு வீணா?

இல்லை. உடனடித் துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடத்தப்படுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளிலும் எஞ்சிய இடங்கள் இருக்கும். தேர்வு முடிவு வந்த அன்று அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். விண்ணப்பத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு வேறு கல்லூரியில் இடம் கிடைத்தால் சான்றிதழைத் திருப்பித் தருவார்களா?

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்திவைக்கக் கூடாது; சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதே அறிவிப்பில் வரையறை உண்டு. விலகுவதாக எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழை மட்டும் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், சேரப் போகும் நாளுக்கு முன்பே அதைப் பத்து நகல் எடுத்து, இரண்டை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.